4294967295: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பத்து இலக்க எண் ஒன்றை நீட்டி "இது எப்படிப்பட்ட எண், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் உடனே கால்குலேட்டரை எடுத்து 7ஆல் போகுமா, 13ஆல் போகுமா என்று தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன். அதில் தப்பு ஒன்றும் கிடையாது, ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டில் விசாரித்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

இதை ஓர் எண்ணை வைத்தே காட்டுகிறேன்: 4294967295. நான் இதை முதலில் பார்த்தது கணக்குப் புத்தகத்தில் அல்ல. சி மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல், -1 என்று காட்டவேண்டிய இடத்தில் இந்தப் பத்து இலக்கத்தைத் திரையில் காட்டியது. எங்கிருந்து வந்தது என்று புரியாமல் அன்று ராத்திரி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அன்று நான் போன வழியைத்தான், சுற்றிப்போன இடங்களை விட்டுவிட்டு, இங்கே சொல்கிறேன். உங்களுக்குத் தேவை ஒரு தாள், பேனா, கடைகளில் கல்லாப்பெட்டி பக்கத்தில் கிடக்குமே அந்த 12 இலக்கக் கால்குலேட்டர், அவ்வளவுதான். எட்டு இலக்கம் மட்டும் காட்டும் கால்குலேட்டர் வேண்டாம், பாதியில் கைவிட்டுவிடும்.

முதலில் கமா போடுங்கள்

சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் இதைச் செய்யாமல் இலக்கத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய. நம் வழக்கப்படி 4,29,49,67,295. வாய்விட்டுப் படித்தால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. அதன் கீழேயே மூன்று மூன்று இலக்கமாகவும் ஒரு தடவை எழுதி வையுங்கள்: 4,294,967,295. நம் கமா படிப்பதற்கு வசதி, மும்மூன்றாகப் பிரிப்பது வகுத்துப் பார்ப்பதற்கு வசதி, ஏன் என்று இதோ சொல்கிறேன்.

இலக்கங்களை விசாரியுங்கள்

கடைசி இலக்கம் 5. அப்படியானால் 5ஆல் வகுபடும், 2ஆல் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 4+2+9+4+9+6+7+2+9+5 = 57. 57 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது, ஆக நம் எண்ணும் அப்படியே. 3 ஒரு தடவை மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்பது இந்த ஒரு கூட்டலிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது 7, 11, 13. தனித்தனியாக வகுக்கவேண்டாம். 7×11×13 = 1001 என்பதால், மும்மூன்றாகப் பிரித்த துண்டுகளை வலமிருந்து இடமாக மாற்றி மாற்றிக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் போதும்: 295 − 967 + 294 − 4 = −382. கழித்தல் குறியை விட்டுவிட்டு 382ஐ மட்டும் பாருங்கள். 7ஆல் வகுத்தால் மீதி 4, 11ஆல் வகுத்தால் 8, 13ஆல் வகுத்தால் 5. மூன்றிலும் மீதி வருகிறது, ஆகவே மூன்றுமே காரணி இல்லை. மூன்று நீள் வகுத்தல் மிச்சம். இந்த 1001 வழியைப் பள்ளியில் ஏன் எல்லோருக்கும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆதங்கம்தான்.

பக்கத்து வீட்டுக்குப் போங்கள்

இதுதான் முக்கியமான கட்டம், இங்கே நிதானமாக நில்லுங்கள். எண்ணோடு 1 கூட்டினால் 4294967296. இதைப் பாதியாக்குங்கள்: 2147483648. மறுபடி பாதி: 1073741824. மறுபடி: 536870912. நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில்கூட ஒற்றைப்படை எண் குறுக்கே வராது, 16 தடவை பாதியாக்கியதும் 65536 வரும், இன்னும் 16 தடவையில் 1ல் வந்து நிற்கும். ஆக, 4294967296 என்பது 2ஐ 32 தடவை பெருக்கிய எண், 2^32. நம்முடையது அதில் ஒன்று குறைந்தது.

இது தெரிந்ததும் மற்றதெல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கு. a² − 1 = (a − 1)(a + 1) என்று படித்திருக்கிறோம் இல்லையா, அதை எடுங்கள். 65536ஐ வர்க்கப்படுத்தினால் 4294967296. அப்படியானால்:

4294967295 = 65535 × 65537

65535ம் அதே ஜாதிதான், 256ன் வர்க்கத்தில் ஒன்று குறைவு: 255 × 257. 255 என்பது 16ன் வர்க்கத்தில் ஒன்று குறைவு: 15 × 17. 15 என்பது 3 × 5. சேர்த்து எழுதினால்:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஒரு தடவைகூட நீள் வகுத்தல் போடாமல் ஐந்து காரணிகள் கையில். வகுத்துத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், 3, 5, 17 வரை எளிதாக வந்திருப்பீர்கள், 257ஐப் பிடிக்க இன்னும் சில டஜன் வகுத்தல்கள், அதற்கப்புறம் 65537 இன்னும் பிரியுமா என்ற சந்தேகத்தில் மாட்டியிருப்பீர்கள்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்போம்

3, 5, 17, 257 பகா எண்கள், இதைப் பார்த்தாலே அல்லது சில நொடிகளில் உறுதி செய்யலாம். 65537தான் கேள்வி. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும், இங்கே வர்க்கமூலம் 256ஐ ஒட்டி வருகிறது, அதுவரை 54 பகா எண்கள் இருக்கின்றன. 54 வகுத்தல் செய்யலாம், ஒரு சாயங்காலம் போகும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இரண்டே வகுத்தலில் முடியும்.

p என்ற பகா எண் 65537ஐ, அதாவது 2^16 + 1ஐ, மீதியில்லாமல் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது p-ஆல் வகுக்கும்போது 2^16 என்பது −1க்குச் சமம், அதை வர்க்கப்படுத்திய 2^32 என்பது 1க்குச் சமம். 2ன் அடுக்குகள் p-யிடம் முதல் தடவை 1 ஆவது சரியாக 32ஆவது அடுக்கில்தான், அதற்கு முன்னால் இல்லை. ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்ன சொல்கிறது என்றால், p−1ஆவது அடுக்கிலும் 1 வந்தே ஆகவேண்டும். ஆகவே p−1ஐ 32 வகுக்கவேண்டும். அதாவது p என்பது 32ன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாக மட்டுமே இருக்கமுடியும்: 33, 65, 97, 129, 161, 193, 225. இவற்றில் பகா எண்கள் 97, 193 இரண்டுதான். 65537ஐ 97ஆல் வகுத்தால் மீதி 62, 193ஆல் வகுத்தால் மீதி 110. முடிந்தது, 65537 பகா எண்.

இந்தப் பத்தி முதல் தடவை படிக்கும்போது பிடிபடவில்லை என்றால் விட்டுவிட்டு மேலே போகலாம், ஆனால் திரும்பி வாருங்கள். கீழே ஓர் இடத்தில் இதுவேதான் மறுபடி கைகொடுக்கப்போகிறது.

காரணிகள் கிடைத்தால் மீதியெல்லாம் கூட வரும்

ஐந்து பகா எண்கள், எதுவும் இரண்டு தடவை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம், அதனால் மொத்தம் 2×2×2×2×2 = 32 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்கவேண்டும்: 4 × 6 × 18 × 258 × 65538 = 7304603328. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 3009636033. அது எண்ணைவிடச் சின்னது, ஆகவே இது குறை எண். 6 மாதிரியோ 28 மாதிரியோ தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வரும் நிறைவு எண் அல்ல.

இதைவிட அழகானது அடுத்தது. 1லிருந்து 4294967295 வரை, நம் எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணியே இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், எத்தனை? இதற்கு ஒவ்வொரு பகா எண்ணிலும் 1 கழித்துப் பெருக்கவேண்டும்: 2 × 4 × 16 × 256 × 65536. எல்லாமே 2ன் அடுக்குகள்! அடுக்குகளை மட்டும் கூட்டினால் 1+2+4+8+16 = 31. விடை 2^31, அதாவது 2147483648. நம் எண்ணோடு 1 கூட்டியதில் சரிபாதி. நான் இதை முதலில் கணக்கிட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கவராயமும் அளவுகோலும்

இந்த 2ன் அடுக்கு வெறும் அலங்காரம் அல்ல. கவராயமும் குறியில்லாத அளவுகோலும் மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையமுடியும் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. 3 பக்கம், 5 பக்கம், 15 பக்கம் அவர்களுக்கே தெரியும். அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஒருவரும் நகரவில்லை. 1796 மார்ச் மாதம் 18 வயதுப் பையன் காஸ், 17 பக்கப் பலகோணத்தை வரையமுடியும் என்று கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கைக்கு மேலே சொன்ன சார்பகா எண்ணிக்கையைக் கணக்கிட்டு அது 2ன் அடுக்காக வந்தால் வரையலாம், வராவிட்டால் முடியாது என்பது விதி. முடியாது என்ற பாதியை 1837இல் வான்ட்செல் நிரூபித்தார்.

3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்துக்கும் ஃபெர்மா பகா எண்கள் என்று பெயர். இதுவரை தெரிந்தவை இந்த ஐந்து மட்டும்தான். ஆக, நம் எண்ணின் 32 வகுத்திகளில் 1ஐ விட்டுவிட்டால் கிடைக்கும் 31 எண்கள்தான், வரையமுடியும் என்று இன்றைக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் அத்தனையும். அவற்றில் ஆகப் பெரியது 4294967295 பக்கப் பலகோணம். கண்ணுக்கு அது வட்டமாகத்தான் தெரியும், ஆனாலும் கொள்கையளவில் வரையலாம். 65537 பக்கத்துக்கு ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து வருஷம் உட்கார்ந்து முறை எழுதினார், 1894இல் முடித்த அந்தக் கையெழுத்துப்படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

அந்த 32 வகுத்திகளையும் பெருக்காமலேயே எழுத ஒரு வழி இருக்கிறது, கண்டிப்பாகச் செய்து பாருங்கள். பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள் (நம் நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியது இதைத்தான்), ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றுங்கள். வரிகள் இப்படி வரும்:

1
11
101
1111
10001
110011
1010101
11111111

ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. எல்லாமே நம் வகுத்திகள், ஏறுவரிசையில், ஒன்றுகூட விடுபடாமல்! 32ஆவது வரிக்குப் போனால் முழுக்க முழுக்க 32 ஒன்றுகள் நிற்கும். அதுதான் 4294967295.

என் நிரலுக்கு என்ன ஆயிற்று என்பதும் இங்கேதான் விளங்கியது. 32 இரும இலக்கங்களும் 1 ஆக இருந்தால் குறியுள்ள எண்ணாகப் படிக்கும்போது −1, குறியில்லாததாகப் படித்தால் நம் எண். இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் பழைய வகை (IPv4) ஐபி முகவரிகளில் 255.255.255.255ம் அதே 32 ஒன்றுகள்தான், தனி எண்ணாக எழுதினால் 255 × 16843009. அந்த 16843009 என்பது 257 × 65537, அதையே முகவரியாக எழுதினால் 1.1.1.1. முகவரிகள் 2^32 மட்டுமே என்பதால்தான் 2011 பிப்ரவரியில் மையக் கிடங்கில் இருந்த கடைசித் தொகுதிகளையும் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

இன்னொரு வீடு தள்ளி

நம் எண்ணோடு 2 கூட்டினால் 4294967297, அதாவது 2^32 + 1. 3, 5, 17, 257, 65537 என்று வந்த வரிசையில் அடுத்த ஆள். இதுவும் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அதை உடைத்தார். எப்படி? 65537க்கு நாம் செய்த அதே யோசனைதான். இங்கே காரணிகள் 64ன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாக இருக்கவேண்டும். அப்படி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. முதல் நான்கிலும் மீதி வரும். ஐந்தாவது வகுத்தலில் மாட்டியது:

4294967297 = 641 × 6700417

இது சரிதானா என்று பெருக்காமல் ஒரு சோதனை: 641ன் இலக்கக் கூட்டல் 11, அதிலிருந்து 2. 6700417க்கு 25, அதிலிருந்து 7. 2 × 7 = 14, அதிலிருந்து 5. இடப்பக்கம் 59, அதிலிருந்து 14, அதிலிருந்து 5. ஒத்துப்போகிறது. (ஒத்துப்போனால் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒத்துப்போகாவிட்டால் நிச்சயம் தப்பு, அதை மறக்கவேண்டாம்.)

வகுக்கவே செய்யாமல் 641ஐ மடக்கும் வழியும் இருக்கிறது. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். முதலாவதன்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2^7 என்பது −1. நான்கு தடவை பெருக்கினால் 5^4 × 2^28 என்பது 1. இரண்டாவதன்படி 5^4 என்பது −2^4. அதை உள்ளே போட்டால் −2^32 என்பது 1, அதாவது 2^32 + 1 என்பது 0. மீதி இல்லை. மூன்றே வரி, கால்குலேட்டரே வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்கு எண்கணிதத்தில் எதைக் காட்டுவது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

6700417 இன்னும் பிரியுமா? அதன் வர்க்கமூலம் 2588ஐத் தாண்டுகிறது. காரணிகள் 64 அல்ல, 128ன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாகவே இருக்கவேண்டும் என்று 1878இல் லூக்கா காட்டியதைச் சேர்த்துக்கொண்டால், சோதிக்கவேண்டியவை 257, 641, 769, 1153, 1409 ஐந்துதான். எதுவும் போகாது. அதுவும் பகா எண்.

20 இலக்கத்துக்குப் போகும்போது

4294967295ஐயும் 4294967297ஐயும் பெருக்கினால் 2^64 − 1, அதாவது 18446744073709551615. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று 64 கட்டமும் வைத்தால் வரும் மொத்தம் இதுதான், ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடிக்குக் கொஞ்சம் மேலே. கையில் உள்ளதைச் சேர்த்தாலே காரணிகள் வந்துவிடும்: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், 128 வகுத்திகள். ஆனால் இத்தனை பக்கப் பலகோணத்தை வரையமுடியாது, 641 உள்ளே வந்துவிட்டதே, 640 என்பது 2ன் அடுக்கு இல்லையே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணை எக்செல்லில் அடித்துப் பாருங்கள், 18446744073709500000 என்று ஆகிவிடும். எக்செல் 15 இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும், உங்களிடம் சொல்லாது. பூஜ்யத்தில் முடிந்த அந்த எண்ணை எடுத்துக்கொண்டு "இது 2ஆல் வகுபடுகிறதே" என்று ஆராய்ந்தால் வேலை மொத்தமும் வீண். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்களும் 9007199254740992ஐத் தாண்டினால் நம்பக்கூடியவை அல்ல. பைத்தானில் இந்தச் சிக்கல் கிடையாது, 2**64-1 என்று அடித்தால் கடைசி இலக்கம் வரை சரியாக வரும், மீதி பார்க்க சதவீதக் குறி போதும்.

அடுத்து நீங்களே செய்து பார்க்க ஓர் எண் தருகிறேன்: 18446744073709551617. இதற்கு ஒன்று முன்னால் யார் இருக்கிறார் என்று பார்த்ததும் என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்துவிடும். 256ன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களாக எடுத்துச் சோதித்துக்கொண்டே போங்கள், பைத்தானில் நான்கு வரி எழுதினால் கண்மூடித் திறப்பதற்குள் முடியும். 1071ஆவது மடங்கில் கதவு திறக்கும்: 274177. மறுபக்கம் 67280421310721. கணினியே இல்லாத 1880இல் லாண்ட்ரி இந்தக் காரணியை வெளியிட்டபோது அவருக்கு வயது 82.